லடாக்கில் தம்பி மறைத்த தலைவலி

எங்கள் வீட்டில் மலை என்றால் கொடைக்கானல்தான். மதுரையில் காலை பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாடு அங்கே. வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் யாராவது ஒருவர் ஜன்னலோரம் தலையை நீட்டுவார். கையில் வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தால் அடங்கிவிடும். மலையேறினால் உடம்புக்கு என்ன வரும் என்று நாங்கள் அறிந்திருந்தது அவ்வளவே. அதனால் தம்பி லடாக்குக்கு டிக்கெட் போட்டுவிட்டு வந்து நின்றபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, "ஊட்டியை விடக் குளிருமாடா?"

அந்தக் கேள்வியிலேயே எங்கள் தப்பு இருந்தது. ஊட்டி 2,240 மீட்டர். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தங்குகிறவர்களைத்தான் பிடிக்கிறது. அதாவது நம் ஊர் மலைகளில் எத்தனை முறை ஏறி இறங்கியிருந்தாலும் இதைப் பற்றி நம் உடம்புக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. லடாக்கில் நாங்கள் இறங்கப்போகும் லே நகரம் 3,500 மீட்டர். ஊட்டியின் தலையில் இன்னொரு 1,260 மீட்டரை அடுக்கி வைத்தால் வரும் இடம். குளிர் இதில் சின்ன விஷயம், ஸ்வெட்டர் போட்டால் தீர்ந்தது.

போனது மூன்று பேர். நான், அம்மா, தம்பி. அம்மாவுக்கு 63 வயது, பி.பி. மாத்திரை, முட்டிவலி. தம்பிக்கு 31. தினமும் ஜிம், ஞாயிற்றுக்கிழமை 10 கிலோமீட்டர் ஓட்டம். யாரைப் பற்றிக் கவலைப்பட்டோம் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் குடும்ப டாக்டரிடம் அம்மாவை மட்டும் கூட்டிப் போனேன். அவர் ரத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு, பி.பி. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்றார். சல்ஃபா மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை எழுதினார். 125 மில்லிகிராம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, கிளம்புவதற்கு முதல் நாளே தொடங்கி, மேலே போன முதல் சில நாள் வரைக்கும். எனக்கும் அதே. "தம்பியும் வந்திருந்தா நல்லது" என்றார். தம்பி வரவில்லை. "எனக்கெதுக்குக்கா மாத்திரை, நான் என்ன கிழவனா?" என்றான். உடல் வலு உள்ளவனுக்கு இந்த நோய் வராது என்று எந்த மலையும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதை அவன் பிறகு தெரிந்துகொண்டான். ஜிம்முக்குப் போவதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. சொல்லப்போனால் வலுவான ஆட்கள்தான் முதல் நாளே வேகமாக நடந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏற்பாடு செய்து கொடுத்த ஏஜென்ட் 5 ராத்திரி, 6 பகல் என்று ஒரு திட்டம் கொடுத்தார். முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் ஊர் சுற்றல், மூன்றாம் நாள் பாங்காங் ஏரிக்கரையில் தங்கல். லேயில் இன்னொரு நாள் கூட்ட முடியுமா என்று கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் மேடம் போறாங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்தப் பதிலைச் சொன்னவர் பேரில் எனக்கு இப்போது கோபம் இல்லை. கேட்டுக்கொண்டு சும்மா இருந்த என் மேல்தான் இருக்கிறது.

டெல்லியிலிருந்து விடியற்காலை விமானம், ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, இறங்கினால் லே. கண்ணைக் கூசும் வெயில், துடைத்து வைத்த மாதிரி நீல வானம், எங்கள் மூன்று பேருக்கும் ஒரு கோளாறும் இல்லை. தங்கும் வீட்டில் அம்மா பையைத் திறந்தாள். உள்ளே புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இரண்டு சிப்ஸ் பாக்கெட். சிப்ஸ் பாக்கெட் இரண்டும் காற்றடைத்த தலையணை மாதிரி விம்மிக்கொண்டு நின்றன. தட்டினால் டம் டம் என்று சத்தம். ஷாம்பு மூடியைத் திறந்ததும் பாதி வெளியே பாய்ந்தது. அம்மா சிரித்தாள்.

அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மதுரையில் அதை வெளியிலிருந்து அமுக்கிக்கொண்டிருந்த காற்று இங்கே இல்லை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் நூற்றுக்கு 21தான், ஆனால் காற்றின் அழுத்தம் லேயில் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைகிறது. உடம்பு அதை ஈடுகட்ட வேகமாக மூச்சு விடுகிறது. அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது. அதைச் சரிக்கட்டுவது சிறுநீரகத்தின் வேலை, அதற்குச் சில நாள் பிடிக்கும். டயமாக்ஸ் செய்வது அந்த வேலையைக் கொஞ்சம் முடுக்கிவிடுவதுதான். அதனால்தான் மாத்திரை போட்டவர்கள் அடிக்கடி பாத்ரூம் போகிறார்கள், விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது, சோடா குடித்தால் ருசி கெட்டுப்போய்க் கிடக்கிறது. அம்மா எறும்பு ஊர்வதைப் பற்றி முதல் நாளே பத்துத் தடவை புகார் சொன்னாள். அந்தப் புகார் சொல்லும் பழக்கம்தான் அவளைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

இறங்கியவுடன் நன்றாக இருப்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. நோய் தலைகாட்ட 6 முதல் 12 மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். காலை 8 மணிக்கு இறங்கியவன் 11 மணிக்கு, "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கிளம்பிவிடுகிறான். தம்பி அப்படித்தான். அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டாள், நான் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்தேன், அவன் சாயங்காலம் சாந்தி ஸ்தூபிக்குப் படியேறப் போய்விட்டான். 500 படிக்கு மேல் இருக்கும். பாதிப் படியில் நின்று எடுத்த போட்டோவை அனுப்பினான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அன்று ராத்திரி எனக்குப் பின்மண்டையில் லேசான வலி. சாப்பாடு பிடிக்கவில்லை. வீட்டுக்காரம்மா துக்பா என்ற நூடுல்ஸ் சூப் கொடுத்தார், அதன் தண்ணீரை மட்டும் குடித்தேன். தம்பியைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றான். தூக்கம் வராமல் கிடந்தபோது அம்மாவின் மூச்சைக் கேட்டுப் பயந்துபோனேன். நாலைந்து மூச்சு வேகவேகமாக வாங்குவாள், பிறகு ஒன்றுமே இருக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். எட்டு, ஒன்பது. எழுப்பப் போகும் நேரத்தில் ஆழமாக ஒரு மூச்சு வரும். எழுப்பியே விட்டேன். "ஏன்டி, தூங்குற பிள்ளைய எழுப்புற மாதிரி எழுப்புற?" என்று திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். உயரத்தில் தூங்கும்போது மூச்சு இப்படி விட்டு விட்டு வருவது நிறையப் பேருக்கு உண்டு. அது மட்டும் இருந்தால் ஆபத்து இல்லை. ஆனால் தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை போடுவதும், குளிருக்கு ஒரு பெக் என்று ஊற்றிக்கொள்வதும் அந்த மூச்சை இன்னும் அமுக்கும். முதல் நாட்களில் இரண்டுமே கூடாது.

காலையில் எனக்கு வலி போய்விட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும், கோவிட் காலத்தில் வாங்கிய விரல் மெஷினைக் கொண்டு போயிருந்தேன். அம்மாவுக்கு 84, எனக்கு 87, தம்பிக்கு 88. அவன்தான் வகுப்பில் முதல் மார்க் என்று கேலி செய்துகொண்டோம். அந்த எண்ணை நம்பியது அடுத்த தப்பு. குளிர்ந்த விரலில் அது குறைத்துக் காட்டும், நகப்பூச்சு இருந்தால் வேறு மாதிரி காட்டும், எண் நன்றாக இருப்பவனுக்கும் நோய் வரும். 84 காட்டிய அம்மா இரண்டு கப் டீ குடித்துவிட்டு வீட்டுக்காரம்மாவின் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆள் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சாப்பிடுகிறாரா, பேசுகிறாரா, எரிச்சல்படுகிறாரா? தம்பி அன்றைக்கு அதிகம் பேசவில்லை. இரண்டு இட்லி குறைத்தாலே எங்கள் வீட்டில் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். அன்று ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தவனை யாரும் கவனிக்கவில்லை.

சமையலறை என்றதும் ஒன்று. அம்மா அங்கே சோறு வடிக்கிறேன் என்று பானையில் அரிசி போட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி முக்கால் மணி நேரமாகியும் நடுவில் வெள்ளைப் புள்ளியோடு அப்படியே இருக்கிறது. 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் குக்கரை எடுத்து வைத்தார். இங்கே எல்லா வீட்டிலும் குக்கர் கட்டாயம், விசிலும் நம்மூரை விடக் கூட வைக்க வேண்டும். அம்மாவின் ரசமும் குக்கர் சோறும்தான் அந்தப் பயணம் முழுக்க எங்களுக்கு இறங்கிய சாப்பாடு. உயரத்தில் பசி மந்தமாகிவிடும், எண்ணெய்ப் பலகாரம் நெஞ்சிலேயே நிற்கும். கஞ்சி, ரசம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் என்று மாவுச்சத்தாகப் போனால் போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை.

தண்ணீரைப் பற்றியும் நிறையப் பேர் மிரட்டுவார்கள், நாலு லிட்டர், ஐந்து லிட்டர் என்று. அவ்வளவு தேவையில்லை. அளவுக்கு மீறிக் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து அதுவே தலைவலியும் வாந்தியும் ஆகும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. பெண்களுக்கு வேறொரு சிக்கல். வழியில் ஒழுங்கான கழிப்பறை இருக்காது என்று காலையிலிருந்தே குடிக்காமல் வருவோம். நானும் அம்மாவும் அதைத்தான் செய்தோம், பிறகு வெட்கத்தை விட்டுவிட்டு டிரைவரிடம் சொல்லி நிறுத்தச் சொல்லிக்கொண்டோம்.

அம்மா முந்தானையில் கற்பூரம் முடிந்து வைத்திருந்தாள். அமர்நாத் போய் வந்த பக்கத்து வீட்டு மாமி சொன்னது. மூச்சு முட்டினால் மோந்து பார்க்கணுமாம். மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. கடைகளில் விற்கும் கையடக்க ஆக்சிஜன் டப்பாவும் அப்படித்தான், சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அது இருக்கிறதே என்ற தைரியத்தில் மேலே ஏறாதீர்கள்.

மூன்றாம் நாள் காலை பாங்காங் கிளம்பினோம். டிரைவர் லடாக்கி, ஐம்பதை ஒட்டிய வயது. அம்மாவை 'அமா-லே' என்று கூப்பிட்டார். அங்கே அம்மாவுக்கு மரியாதையான சொல் அதுதான். நம்ம 'அம்மா' மாதிரியே இருக்கே என்று அம்மா அன்று முழுக்க உருகிக்கொண்டு வந்தாள். கிளம்பும் முன் அவர் எங்களைப் பார்த்துத் தலைவலி யாருக்காவது இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். நானும் அம்மாவும் இல்லை என்றோம். தம்பி, "நஹீ" என்றான். அன்று காலையிலும் முதல் நாள் ராத்திரியும் டோலோ 650 போட்டிருந்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். தலைவலிக்கு மாத்திரை போடுவது குற்றமே இல்லை, டாக்டர்களே போடச் சொல்வார்கள். தலைவலியோடு இன்னும் உயரத்துக்குப் போய்ப் படுப்பதுதான் குற்றம். அறிகுறி இருக்கும்வரை இருக்கும் இடத்திலேயே இரு, கூடினால் இறங்கு. இந்த நோய்க்கு இருக்கும் சட்டமே இதுதான், மற்றதெல்லாம் பிறகு.

ஏன் மறைத்தான் என்று கேட்டதற்குப் பின்னால் அவன் சொன்ன பதில்: "ஆறு மாசமா பிளான் போட்டேன்கா. அம்மா ஏரியைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா. நான் படுத்துட்டா எல்லாம் கெட்டுப்போகும்ல." உயரத்தில் நம்மவர்களைப் படுக்க வைக்கும் காரணங்களில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். கூட்டத்தோடு போகும்போது தன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரும் அந்த நல்ல குணம்.

வழியில் வரும் சாங் லா கணவாய் ஏறக்குறைய 5,360 மீட்டர். காற்றழுத்தம் அங்கே கடல் மட்டத்தில் பாதிதான். டிரைவர் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவிடவில்லை. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்குவது அவ்வளவு கெடுதல் இல்லை, எங்கே தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் இடத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை அதே இடத்தில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் அளவு. லே 3,500, பாங்காங் கரை ஏறக்குறைய 4,250. ஒரே தாவலில் 750. அதுவும் லேயில் இரண்டே ராத்திரி இருந்த பிறகு. லடாக்கிலேயே இருக்கும் நூப்ரா பள்ளத்தாக்கு லேயை விடத் தாழ்வு, அங்குள்ள ஹுண்டரும் டிஸ்கிட்டும் 3,100-ஐ ஒட்டித்தான். முதலில் அங்கே போய்த் தங்கிவிட்டு, பாங்காங்கைக் கடைசியில் வைத்திருந்தால், உடம்புக்கு இன்னும் இரண்டு நாள் கிடைத்திருக்கும். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரி தெரியும். உயரத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஏரியைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது, விட்டுவிடுகிறேன். அம்மா கரையில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தம்பி வண்டியை விட்டே இறங்கவில்லை.

ராத்திரி 9 மணிக்கு முதல் வாந்தி. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 11 மணி இருக்கும், வெளியே போக எழுந்தவன் கூடாரக் கம்பத்தின் மேல் போய் மோதினான். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்ற முயன்றபோது கால் எங்கே, கை எங்கே என்று தெரியாதவன் மாதிரித் தடவிக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் டிரைவரை எழுப்பினேன். அவர் வந்து டார்ச்சை அவன் முகத்தில் அடித்துப் பார்த்தார். பிறகு கூடாரத்தில் விரித்திருந்த கம்பளத்தின் ஓரக்கரையைக் காட்டி, அந்தக் கோட்டின் மேல் ஒரு குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியில் தம்பி பக்கவாட்டில் சாய்ந்தான். டிரைவர் பிடித்துக்கொண்டார். விரல் மெஷினில் 68.

குடித்தவன் மாதிரித் தள்ளாடினால், பேச்சில் குழப்பம் வந்தால், அது சாதாரண மலைநோயைத் தாண்டிவிட்டது, மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குதிகால் நடையை வீட்டில் எல்லோரும் ஒரு தடவை நடந்து பார்த்துக்கொண்டு போங்கள். அதற்கு மெஷின் வேண்டாம், சிக்னல் வேண்டாம். எங்கள் போன்களில் அன்று சிக்னலே இல்லை. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் எடுக்கும் என்பதும் அங்கே போய்த்தான் எங்களுக்குத் தெரிந்தது.

காலை வரைக்கும் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். "காலையில் பார்க்க ஆள் இருக்க வேண்டுமே, தீதி" என்றார். இறங்குவதுதான் மருந்து, விடிய விடியக் காத்திருக்கக்கூடாது. ஆனால் பாங்காங்கில் இறங்குவதே ஒரு புதிர். லேவுக்குப் போக வேண்டும் என்றால் முதலில் 5,360 மீட்டர் சாங் லாவில் ஏற வேண்டும். ஏரியிலிருந்து எளிதாக இறங்கிப் போய்ச் சேர ஓர் ஊர் என்றால் தாங்ட்சே, 300 மீட்டர் அளவுக்குத் தாழ்வு, அங்கே ஆஸ்பத்திரி உண்டு. போகும் இடத்திலிருந்து கீழே இறங்கும் வழி எது, அருகில் டாக்டர் இருக்கும் ஊர் எது என்று இரண்டு கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு இந்த இரண்டையும் தெரிந்த டிரைவர் வாய்த்தார்.

அம்மா பின்சீட்டில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம். அழவில்லை. பேசிக்கொண்டே வந்தாள். அப்பரையே கயிலாயத்துக்குப் போக விடாமல் பாதி வழியில் திருப்பி அனுப்பினார் சிவன், திருவையாற்றிலேயே காட்சி கொடுத்தார், நீ எதுக்குடா ஏறியே தீருவேன்னு நின்ன, என்று. அவன் காதில் விழுந்ததா தெரியாது. வாந்தி வந்தபோது மட்டும் முனகினான்.

தாங்ட்சேயில் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த இளம் டாக்டர் பத்து நிமிடத்தில் ஆக்சிஜன் மாட்டி, டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார். மூளை வீக்கத்தைத் தணிக்கும் மருந்து. விடியும்போது தம்பி தண்ணீர் கேட்டான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், அக்கா என்று கூடச் சொல்லவில்லை, அதற்கும் சந்தோஷப்பட்டேன். காலையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஆம்புலன்ஸில் சாங் லா தாண்டி லே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள்.

அங்கே பக்கத்துப் படுக்கையில் மணாலியிலிருந்து பைக்கில் வந்த இருபது சொச்சம் வயதுப் பையன். வழியில் சர்ச்சூவில், 4,290 மீட்டரில், ஒரு ராத்திரி தங்கியிருக்கிறான். மணாலி 2,050. அவனுக்கு நுரையீரலில் நீர். மூளையை விட இதுதான் அதிகம் பேரைக் கொல்கிறது என்றார் டாக்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், படுத்தால் இன்னும் மோசம், வறட்டு இருமலில் தொடங்கி ரோஸ் நிற நுரையாகச் சளி வரும். பெரும்பாலும் இரண்டாவது ராத்திரிக்குப் பிறகு. 'நடக்கும்போது மூச்சு வாங்குது' என்பது எல்லோருக்கும் உண்டு, நின்று ஓய்வெடுத்த பிறகும் அடங்கவில்லை என்றால் பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

சாலை வழியாகப் போகிறவர்களுக்கு ஸ்ரீநகர், கார்கில் வழி பரவாயில்லை. கார்கில் 2,676 மீட்டர், அங்கே ஒரு ராத்திரி தூங்கி லேவுக்கு வந்தால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். மணாலி வழியில் சர்ச்சூ மாதிரி நடுவில் தங்கும் இடங்கள் லேயை விட உயரம்.

ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1962 போரை ஒட்டிய ஆண்டுகளில் சமவெளியிலிருந்து வீரர்களை விமானத்தில் கொண்டுபோய் நேரே உயரத்தில் இறக்கினார்கள். அப்படி நோயுற்ற 1,925 பேரைப் பற்றி நம் ராணுவ மருத்துவர்கள் 1969-ல் எழுதிய கட்டுரைதான் இந்த நோயைப் பற்றி உலகம் இன்றும் எடுத்துப் பார்ப்பது. அதற்குப் பிறகு ராணுவம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது: 3,600 மீட்டர் வரையுள்ள முதல் கட்டத்துக்கு 6 நாள், அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும். அதற்கு மேல் 4,500 வரை இன்னும் 4 நாள். சிப்பாய்க்கு 10 நாள் கொடுக்கும் உயரத்துக்கு எங்களை மூன்றாவது நாள் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார்கள். நானும் பணம் கட்டிப் படுத்தேன்.

எங்கள் அத்தை வருகிற ஐப்பசியில் நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் போகிறார். திவ்யதேசம், விடச் சொல்ல முடியாது. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல், அங்கே போகக் கிளம்பும் ஊரான பொக்ரா 800 சொச்சம். நடுவில் ஜோம்சோமில், 2,700 மீட்டர் வாக்கில், ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்று சண்டை போட்டு மாற்ற வைத்தேன். அன்றைக்கு ஏகாதசி என்று பட்டினி கிடக்கக்கூடாது, சர்க்கரை மாத்திரைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், 108 தீர்த்தத்திலும் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் விட, கூட வரும் இன்னொரு மாமியோடு ஜோடி போட்டு விட்டிருக்கிறேன். காலையிலும் ராத்திரியும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும், மறைக்காமல் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லவே தெரியாது. காரணமில்லாமல் அழுதால், விளையாடாமல் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், உயரம்தான் காரணம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பியை இரண்டு நாளில் விட்டார்கள். மீதி நாள் வீட்டு முற்றத்தில், ஆப்ரிகாட் மரத்தடியில், கூலிங் கிளாஸோடு வெயிலில் உட்கார்ந்திருந்தான். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. உயரம் கூடக்கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும் என்பதை, தொப்பியும் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் முதல் நாளிலிருந்தே வேண்டும் என்பதை, அங்கே யாரும் சொல்லத் தேவையில்லை, கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாலே போதும்.

திரும்பி வரும் அன்று லே விமான நிலையத்தில் தண்ணீரைக் குடித்து முடித்து, காலி பாட்டிலை இறுக்கி மூடி என் கைப்பையில் போட்டேன். டெல்லியில் இறங்கி எடுத்தபோது யாரோ கையில் வைத்துப் பிழிந்த மாதிரி நெளிந்து ஒடுங்கிக் கிடந்தது. தம்பி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே டெல்லி வெயில் தகித்துக்கொண்டிருந்தது.

"டேய், தலை வலிக்குதாய்யா?" என்றாள் அம்மா.

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். "லேசா வலிக்குதும்மா. இங்க," என்று நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினான். "வெயிலுக்குன்னு நினைக்கிறேன்."